பிடிக்கு லைசென்ஸ் தேவையில்லை

1

அண்ணையின் திவசம் இந்தமுறை ஒரு வேலை நாளில் வந்தது. மீன் தொழிற்சாலையில் லீவு கேட்டேன். மேற்பார்வைக்காரி, "போன வருசமும் இதே காரணம்தானே, ஆனால் வேறு தேதி" என்றாள். ஒவ்வொரு வருசமும் வரும், தேதி மாறும் என்றேன். செத்த நாள் எப்படி மாறும் என்று கேட்டாள். திதியை நொர்வேஜிய மொழியில் சொல்ல எனக்கு வராது. நிலவைப் பார்த்துச் சொல்வது என்றேன். நிலவைப் பார்த்து லீவு எடுக்கிற ஆளை இன்றைக்குத்தான் காண்கிறேன் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள்.

அண்ணி படைத்துவிட்டுச் சோற்றை வெளிவிறாந்தையில் வைத்தார். இந்த ஊரில் எங்களுடைய காகம் இல்லை. கடற்காகம்தான், கோழி அளவில் வந்து இறங்கும்.

"உதுவும் காகம்தானே, விடுங்கோ அண்ணி" என்றேன்.

அண்ணி சிரிக்கவில்லை. உள்ளே வந்து அண்ணையின் படத்துக்கு முன்னால் நின்று, ஒவ்வொரு திவசத்துக்கும் சொல்வதைச் சொன்னார்: "எரிச்சிட்டன் எண்டு எனக்குப் பொய் சொன்ன மனிசன். கும்பிடுறன். மன்னிக்கேல்லை."

ஏழு வருசமாக இதைக் கேட்கிறேன். அண்ணை பொய் சொல்லவில்லை. இது உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். எழுதத் தொடங்கியதே இதற்காகத்தான், ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அந்த நேரம் பார்த்து வதனி பள்ளிக்கூடத்தால் வந்தாள். அண்ணையின் ஒரே பிள்ளை, பன்னிரண்டு வயது. கையில் ஒரு கடிதம். இங்கே பிள்ளைகள் விளையாடும் விளையாட்டு ஒன்று: பனிச்சறுக்குக் கட்டையில் ஓடுவார்கள், நடுவில் படுத்துக்கொண்டு சின்னத் துவக்கால் ஐந்து வட்டங்களுக்குச் சுடுவார்கள், எழும்பி மறுபடியும் ஓடுவார்கள். வதனி ஒரு வருசமாகக் கழகத்தின் துவக்கால் பழகுகிறாள். அண்ணிக்கு அவள் சறுக்குகிறாள் என்று மட்டும்தான் தெரியும்.

கடிதத்தை நான் வாசித்தேன். பிள்ளை நன்றாகச் சுடுகிறாள். ஆனால் இடக்கைக்காரி. கழகத்தில் உள்ள துவக்கெல்லாம் வலக்கைக்காரருக்குச் செய்தவை. மாசி மாதப் போட்டிக்கு அவளுக்கென்று ஒன்று வேண்டும். தாய் கையெழுத்து வைக்கவேண்டும். வீட்டில் வயது வந்த ஒருவர் பொலிசில் அனுமதி எடுக்கவேண்டும்.

"என்ன துவக்கு? என்ன கையெழுத்து?" என்றார் அண்ணி.

வதனி நொர்வேஜிய மொழியில் கடகடவென்று சொன்னாள்.

"தமிழிலை சொல்லடி."

"அம்மா, எனக்குப் புதுசா ஒரு பிடி வேணும். மரத்திலை. இடது பக்கத்துக்கு."

துவக்கில் தோளில் முட்டுகிற மரப்பகுதியை நாங்கள் பிடி என்போம். அந்தச் சொல்லைத்தான் பிள்ளை சொல்லியிருக்கக் கூடாது.

"துவக்குப் பிடி எண்டு இனி இந்த வீட்டிலை ஒருத்தரும் வாய் திறக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போனார்.

2

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். பத்தொன்பது வயதில் இங்கே வந்தேன். இரண்டு வருசம் கழித்து அண்ணியும் வதனியும் வந்தார்கள். அவர்கள் மேல்மாடி, நான் கீழே ஒரு அறை. சாப்பாடு மேலே.

தொழிற்சாலையில் மீன் வெட்டுகிறேன். இதைப் பெருமையாகவே சொல்கிறேன், என் மேசையில் என்னைவிட வேகமாக வெட்ட ஆளில்லை. காரணம் கத்தியின் அலகு இல்லை, பிடிதான். வந்த புதிதில் தந்த மரப்பிடி தண்ணீரில் ஊறிப் பருத்து, பின்னேரம் வரும்போது உள்ளங்கையைப் பிய்த்துவிடும். நான் சுரண்டி, நாடா சுற்றி, என் கைக்கு ஏற்றபடி ஆக்கினேன். மற்றவர்கள் சிரித்தார்கள். இப்போது ஆறு பேர் தங்கள் கத்தியையும் என்னிடம் தருகிறார்கள்.

பக்கத்து மேசை யோகன், எங்கள் ஊர்ப்பக்கம், குருநகர் ஆள். அவனிடம் விசயத்தைச் சொன்னேன்.

"மச்சான், உனக்கென்ன விசரே? பொலிசிட்டைப் போய் துவக்கு தாங்கோ எண்டு கேக்கப்போறியோ? நாங்கள் அதுக்குப் பயந்து ஓடிவந்த ஆக்களடா!"

"பிள்ளைக்கு விளையாட."

"அவங்கள் உன்ரை பழைய பைலைத் திறப்பாங்கள். அகதி விசாரணையிலை என்ன சொன்னனி?"

விசாரணையில், வாழ்க்கையில் துவக்கைத் தொட்டதுண்டா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். அது பொய். எல்லாரும் இல்லை என்று சொன்னார்கள், நானும் சொன்னேன். கடிதத்தோடு வந்த பொலிஸ் பத்திரத்தில் அதே கேள்வி ஆறாவதாக இருந்தது.

"ஆறாவதை வெறுமையா விட்டிடு" என்றான் யோகன். "அதோடை அண்ணி சம்மதிக்காவிட்டா உனக்கு ஏன் உந்தத் தலையிடி? மீனை வெட்டு."

3

ஊரில், கொக்குவிலில், எங்களுக்கு ஒரு முந்திரிகைப் பந்தல் இருந்தது, திராட்சைதான். பழம் கறுக்கத் தொடங்கினால் காகமும் அணிலும் விடாது. எங்கள் அப்பா, ஐயா என்போம், மலைநாட்டுத் தோட்டமொன்றில் கிளாக்கராக இருந்தவர். அங்கே ஒரு துரை ஊருக்குப் போகும்போது தன் சின்னத் துவக்கை ஐயாவுக்கு விட்டுப் போனார். குழல் அளவை வைத்து 'ருவென்ரி ரூ', இருபத்திரண்டு, என்று ஐயா சொல்வார். தோட்டா சுண்டுவிரல் நுனி அளவுதான் இருக்கும். வருசா வருசம் கச்சேரிக்கு, அதுதான் அரசாங்க அலுவலகத்துக்கு, போய் லைசென்ஸ் புதுப்பிப்பார். கல்யாண வீட்டுக்குப் போகிற மாதிரி வேட்டி கட்டிக்கொண்டு போவார்.

ஒரு மாரிக்குப் பிறகு பார்த்தால் பிடியைக் கறையான் தின்றுவிட்டது. குழல் மட்டும் மினுங்கிக்கொண்டு கிடந்தது. புதுப் பிடிக்கு எங்கே போவது? அண்ணை சைக்கிள் கடை வைத்திருந்தவர், எதையும் தானே செய்து பார்ப்பார். முதலில் ஒரு பழைய கதவு நிலையின் முதிரையில் செதுக்கினார். ஐயா தூக்கிப் பார்த்துவிட்டு, "இதைச் சுடத் தேவையில்லை, காகத்துக்கு எறிஞ்சாலே காணும்" என்றார். பிறகு வேம்பு. ஈரம் காயமுன்னம் அவசரப்பட்டதில் அது பிளந்துபோனது. மூன்றாவது பூவரசு. அதுதான் சரிவந்தது. தூக்கினால் கையில் நிற்கும், தோளில் இடிக்காது.

எனக்குத்தான் அது பிடிக்கவில்லை. கன்னத்தை வைத்தால் எலும்பில் குத்தியது. அண்ணைக்குச் சொன்னேன்.

"உனக்குச் செய்யேல்லையடா, எனக்குச் செய்தது" என்றார்.

அண்ணை இடக்கைக்காரன். கன்னம் படுகிற மேட்டை மற்றப் பக்கத்தில் விட்டிருந்தார்.

அப்போது அண்ணி கல்யாணமாகி வந்த புதிது. வீட்டில் உடுப்புத் தைப்பார். "திவசத்துக்குக் காகத்துக்குச் சோறு வைக்கிறியள், மற்ற நாளிலை வெடி வைக்கிறியள். அதுகள் உங்களைப் பற்றி என்ன நினைக்கும்?" என்று பகிடி பண்ணுவார். அண்ணை விழுந்து விழுந்து சிரிப்பார். அண்ணி பகிடி விட்டால் இன்றைக்கும் நான் சிரிப்பேன். அவர் விடுவதில்லை.

4

பிரச்சினை கூடிய காலத்தில், வீட்டில் துவக்கு வைத்திருப்பது நல்லதில்லை என்று ஐயா அதைக் கச்சேரியில் ஒப்படைத்தார். போகும் முன் அண்ணை திருகாணியைக் கழற்றிப் பிடியை எடுத்துக்கொண்டார்.

"லைசென்ஸ் குழலுக்குத்தானே ஐயா? பிடிக்கு லைசென்ஸ் தேவையில்லை. இது வெறும் மரம்."

கச்சேரியில் ஒருவரும் பிடியைக் கேட்கவில்லை. நாலு வருசம் அது அறையில் கிடந்தது. அதற்குள் ஐயாவும் செத்துப்போனார்.

பிறகு வீடு வீடாகச் சோதனை வரத் தொடங்கியது. அண்ணி சொன்னார்: "அந்தப் பிடியை அடுப்புக்குள்ளை வையுங்கோ. அரை மணித்தியால வேலை." அண்ணைக்கு மனமில்லை. ஆனாலும் வதனியைத் தூக்கி வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, பிடியை என் கையில் தந்தார். "கொண்டுபோய் எரிச்சுப்போட்டு வா" என்றார்.

நான் எரிக்கவில்லை. மூன்று மரம் பார்த்துச் செய்த சாமான். மெழுகு தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடி மாதிரி இருந்தது. கொல்லைக்குக் கொண்டுபோய்ப் பனைமட்டை அடுக்குக்குள் செருகினேன். பிரச்சினை முடிந்ததும் எடுத்து அண்ணையின் முன்னால் வைப்பேன், மனிசன் சந்தோசப்படும் என்று நினைத்தேன். "எரிச்சாச்சோ?" என்று கேட்டார். "ஓம்" என்றேன். அவர் போய் அண்ணியிடம், "எரிச்சிட்டன்" என்றார்.

ஒரு காலையில் சீருடைக்காரர் வந்தார்கள். எங்களை முற்றத்தில் நிறுத்தினார்கள். மட்டை அடுக்கைக் காலால் உதைத்தார்கள். பிடி வெளியே வந்து விழுந்தது. பிடி இருக்கிறது, துவக்கு எங்கே என்று கேட்டார்கள். ஆருடையது என்று கேட்டார்கள்.

அண்ணை பிடியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஒரு கண் இமைக்கிற நேரம்தான்.

"என்ரை. நான்தான் செய்தனான்" என்றார்.

நான் வாய் திறக்கவில்லை. கொண்டுபோனார்கள். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் போய் உடலை எடுத்தோம்.

5

வதனிக்குப் பிடி வாங்குவது என்று நான் முடிவு செய்தேன். அண்ணி கையெழுத்து வைப்பாரா என்று தெரியாது. ஆனாலும் பிள்ளை குத்துகிற மரத்தில் கன்னத்தை வைத்துக்கொண்டு வலியோடு சுடுவதை ஒரு சனிக்கிழமை போய்ப் பார்த்தேன். அதற்குப் பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

ஆர்னே என்று ஒரு கிழவர், துவக்குத் திருத்துகிற கடை வைத்திருக்கிறார். கழகம் ஒரு பழைய துவக்கை அவரிடம் கொடுத்திருந்தது. உறுப்பெல்லாம் நல்லது. குழல் தேய்ந்தது, பிடி வலக்கைப் பிடி. இரண்டையும் மாற்றவேண்டும்.

ஆர்னே இரண்டு குழல் காட்டினார். ஒன்று தடித்து நீண்டது, மற்றது மெலிந்து கட்டையானது. நான் தடித்ததைத் தொட்டேன். பார்த்தால் உறுதி, கூடுதலான இரும்பு.

"தூக்கிப் பார்க்கிறவன் நீ. தூக்கப்போகிறவள் அவள்" என்றார். "இரண்டு கிலோமீற்றர் ஓடி, மூச்சு வாங்க வாங்க வந்து பிடிக்கவேண்டும். மெலிந்ததை எடு."

குழல் வந்த பிறகு நாலைந்து வகைத் தோட்டா போட்டுச் சுட்டுப் பார்க்கவேண்டுமாம். ஒரே தொழிற்சாலையில் ஒரே நாளில் வந்த இரண்டு குழல்கூட ஒரே தோட்டாவை விரும்பாதாம். விலை கூடியது நல்லது என்றில்லை, அந்தக் குழலுக்கு எது பிடிக்கிறதோ அதுதான் நல்லது. இதை நான் உடனே நம்பினேன். ஒரே அறையில் வளர்ந்த எனக்கும் அண்ணைக்கும் ஒரே பிடி சரிவரவில்லையே.

மரத்தில் மூன்று வகை இருந்தது. வோல்நட் மரம் வடிவு, தடவத் தடவ ஆசை வரும். பீச் மரம் மலிவு. மூன்றாவது, மெல்லிய பேர்ச் பலகைகளை ஒட்டி அடுக்கினது. கோடுகோடாக இருக்கும், வடிவில்லை. நான் அதைத்தான் கேட்டேன். ஆர்னே ஏன் என்றார். கடற்கரை ஊர், பனி, ஈரம். ஒற்றை மரம் ஊறினால் அசையும், அடுக்கினது அசையாது, ஒரு பலகை இழுக்கிற பக்கம் மற்றது இழுக்காது என்றேன். "மீன்காரனுக்கு மரம் தெரிந்திருக்கிறது" என்றார். அன்றைக்கு நான் தெருவில் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தித்தான் நடந்தேன்.

ஆனால் அளவில் பிழைவிட்டேன். பிள்ளைக்கு ஒரு அளவு, வளர்ந்தவருக்கு ஒரு அளவு. ஆர்னே பிள்ளை அளவு என்றார். நான் சம்மதிக்கவில்லை. எங்கள் வீடுகளில் எந்தப் பிள்ளைக்கு அளவான சப்பாத்து வாங்கினோம்? வளர்கிற பிள்ளை, பெரிதாக எடுத்தால் நாலு வருசம் கிடக்கும். பெரியதையே எடுத்தேன். கிழவர் தோளைக் குலுக்கினார்.

"குழலை அனுமதி வந்த பிறகுதான் தருவேன்" என்றார். "பிடியை இப்போதே கொண்டு போ. அதற்கு லைசென்ஸ் தேவையில்லை. வெறும் மரம்தானே."

நான் அங்கே கிடந்த கதிரையில் இருந்துவிட்டேன். கிழவருக்கு ஒன்றும் விளங்கவில்லை, தண்ணீர் தந்தார்.

பிடியை வீட்டுக்குக் கொண்டுவந்து என் கட்டிலுக்குக் கீழே ஒளித்தேன்.

6

நாலாம் நாள் வேலையால் வந்தேன். என் அறைக் கதவு திறந்திருந்தது. தோய்த்த உடுப்பை வைக்க வந்த அண்ணி கட்டிலில் இருந்தார். பிடி அவருடைய மடியில் கிடந்தது.

"இது என்ன?"

"வதனிக்கு, அண்ணி."

"ஏன் கட்டிலுக்குக் கீழை? ஏன் ஒளிச்சனீர்? உங்கடை குடும்பத்து ஆம்பிளையளுக்கு இதென்ன வியாதி? அவரும் எனக்கு ஒளிச்சார், எரிச்சிட்டன் எண்டு..."

"அண்ணை ஒளிக்கேல்லை."

"என்ன?"

"எரிக்கச் சொல்லி என்னட்டைத் தந்தவர். நான்தான் எரிக்கேல்லை. மட்டைக்குள்ளை நான்தான் வைச்சனான். அண்ணைக்குத் தெரியாது. எரிச்சாச்சு எண்டு அவருக்குச் சொன்னதும் நான்தான்."

அண்ணி கத்துவார், அடிப்பார் என்று நின்றேன். பிடியை மெதுவாகக் கட்டிலில் வைத்துவிட்டு மேலே போனார். மேலே தண்ணீர்க் குழாய் ஓடும் சத்தம் கேட்டது. நெடுநேரம் ஓடியது.

பத்து நாள் என்னோடு கதைக்கவில்லை. சாப்பாட்டை வதனி கீழே கொண்டுவந்தாள்.

"சித்தப்பா, அம்மா அப்பான்ரை படத்துக்கு முன்னாலை இருந்து கதைக்கிறா. ஒவ்வொரு நாளும்."

"என்ன கதைக்கிறா?"

"தெரியாது. தமிழ், ஆனா மெல்லமா." பிறகு கேட்டாள்: "அப்பாவும் இடக்கையே?"

"ஆர் சொன்னது?"

"அம்மா. இனி நான் இடக்கையாலை சாப்பிட்டாலும் பரவாயில்லையாம். ஆனா ஆக்கள் வரேக்கை மட்டும் வேண்டாமாம்."

பதினோராம் நாள் அண்ணி இறங்கி வந்தார். கழுத்தில் தையல் அளவு நாடா, பின்னால் வதனி. என் முகத்தைப் பார்க்கவில்லை. "அந்த மரத்தை எடு" என்றார். என்னை 'நீர்' என்று கதைக்கிற மனிசி, 'எடு' என்றார். எடுத்தேன். வதனியைக் கையை மடிக்கச் சொல்லி, முழங்கை மடிப்பிலிருந்து விரல் கணு வரை அளந்தார். பிடியை அளந்தார்.

"மூண்டு விரல் கூட. ஆர் எடுத்த அளவு?"

"வளருற பிள்ளை எண்டு..."

"யூனிபோம் எண்டா மடிச்சுத் தைச்சுவிடலாம். மரத்தை என்னெண்டு மடிக்கிறது? அந்தக் கிழவனிட்டை வெட்டச் சொல்லு. வெட்டின துண்டை எறிய வேண்டாம் எண்டும் சொல்லு. வளர வளரத் திருப்பிப் பொருத்தலாம்." பிறகுதான் என்னைப் பார்த்தார். "பொலிஸ் பத்திரம் எங்கை?"

தந்தேன். என் பெயர் எழுதியிருந்த இடத்தைப் பார்த்தார்.

"உதைக் கிழி. ஒளிக்கத் தெரிஞ்ச ஆளிட்டை உந்தச் சாமானைக் குடுக்கேலாது. புதுசு எடுத்து என்ரை பேரை எழுது. துவக்கைப் பூட்டித் திறப்பை நான் வைச்சிருப்பன்."

7

அனுமதி கிடைத்தது. மாசியில் வதனி ஓடினாள். ஐந்தில் மூன்று பட்டது, ஒன்பதாவதாக வந்தாள், அவளுக்குப் பெரிய சந்தோசம். ஊரில் இதை வாசிக்கிறவர்கள், பொம்பிளைப் பிள்ளைக்குத் துவக்கோ என்று கேட்பீர்கள். கேளுங்கள். அவளுடைய பிடி அவளுக்கு அளவாக இருக்கிறது, அதைச் செய்வித்தது நான். அதில் எனக்கு வெட்கமில்லை.

ஆனால் பொலிசுக்குப் போன நாளைச் சொல்லவேண்டும்.

அண்ணிக்கு மொழி காணாது என்று என்னை மொழிபெயர்க்கக் கூட்டிப்போனார். மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு பொலிஸ்காரி, கண்ணாடி போட்டவள். பத்திரத்தை ஒவ்வொன்றாக வாசித்து ஆறாவதில் நின்றாள். துவக்கோடு முன் அனுபவம் உண்டா என்று கேட்டாள்.

"இல்லை எண்டு சொல்லவோ?" என்று அண்ணியைக் கேட்டேன். என் பழைய பைல் அந்தக் கட்டிடத்தில்தான் எங்கோ இருந்தது.

"நான் சொல்லுறதைச் சொல்லு. ஒண்டும் விடாதை" என்றார் அண்ணி. "என்ரை மாமாட்டை லைசென்சோடை ஒரு சின்னத் துவக்கு இருந்தது. துவக்கைக் குடுத்தாச்சு, பிடி வீட்டிலை நிண்டிட்டுது. என்ரை புருசன் செய்த பிடி. நல்ல வடிவான பிடி. அதை எரிக்கச் சொல்லி அவர் ஒராளிட்டைக் குடுத்தவர். அந்த ஆள் எரிக்கேல்லை. அதாலை அவர் செத்தவர். அவர் எனக்குப் பொய் சொல்லேல்லை. இதுதான் என்ரை அனுபவம். சொல்லு."

எனக்குத் தெரிந்த நொர்வேஜிய மொழியில் சொன்னேன். இலக்கணம் எல்லாம் உடைந்துபோனது. ஒன்றும் விடவில்லை. பொலிஸ்காரி எழுதுவதை நிறுத்தினாள். கண்ணாடியைக் கழற்றினாள். ஒரு சந்தேகம் தீர்க்கிற மாதிரித்தான் கேட்டாள்:

"எரிக்காத அந்த ஆள் யார்?"

இதை அண்ணிக்கு மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை. கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, என் பக்கம் திரும்பி, நான் என்ன சொல்லப்போகிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான்" என்றேன்.

அண்ணி பேனையை எடுத்துக் கையெழுத்து வைத்தார்.